நடிக்க வந்தவள்

இவ்வளவு தத்ரூபமாக நடிப்பார்கள் என்று டாக்டர் கலைவாணி எதிர்பார்க்கவில்லை. பழவேற்காட்டில் அவளுடைய சின்ன கிளினிக்கின் கட்டிலில், மாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முழங்கையில் மீன் செதில்கூட ஒட்டியிருந்தது.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களைக் கையாளும் பயிற்சியில், இது கடைசிப் பரீட்சை. 'காலையில் நோயாளியாக நடிக்க ஒரு பெண் வருவாள். அவளாக நிறுத்தச் சொல்லும்வரை நிஜமென்றே நினைத்துச் செய்யுங்கள்' என்றிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற கலைவாணிக்கு இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

"இன்னா, கேஸ் ட்ரபுள்தான் டாக்டரம்மா," என்றான் கூட வந்த கணவன் பெருமாள். "மீன் ஏலத்துல கத்திக்கினே இருந்தா, அப்பிடியே ஒக்காந்துட்டா. ஒரு ஊசி போட்டு அனுப்புங்க."

வேறு நாளாக இருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். அந்த நினைப்பு லேசாக உறுத்தியது. அவனை வெளியே அனுப்பினாள்.

"ஏதாவது ஆபரேஷன் பண்ணீங்களா?"

"பித்தப்பைல கல்லுனு..."

"அது அவருக்குச் சொன்னது. எனக்கு நிஜத்தைச் சொல்லுங்க."

மாலா கதவைப் பார்த்தாள். "ஒடம்பு எளைக்கத்தான். பன்னெண்டு நாளாவுது. அந்தாளாண்ட சொல்லிடாதீங்க, ஊரே சிரிக்கும்."

"இடது தோள் வலிக்குதா?"

"ஆமா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கலைவாணிக்குச் சிரிப்பு வந்தது. பாடத்தில் இருந்த அதே வரிசை. நாடி நூற்று முப்பது. வாசலில் நாலு சுற்று ஓடிவிட்டு வந்து படுத்திருப்பாள்.

இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவு. ஒரு படியையும் விடவில்லை அவள். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றாள், மாலா தந்த எண்ணில் சென்னையில் அறுவை செய்த மருத்துவரிடம் பேசினாள், கடிதம் எழுதினாள். ஆம்புலன்சே வந்துவிட்டது. மாலா நிறுத்தச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் கதவு மூடும் முன் கலைவாணி தலையை உள்ளே நீட்டினாள். "நான் பாஸ்தானே?" என்று ரகசியமாகக் கேட்டாள். மாலா முனகலை நிறுத்தவே இல்லை. கறாரான பெண்தான்.

ஆம்புலன்ஸ் பொன்னேரிச் சாலையில் மறைந்ததும் உள்ளே வந்து நிம்மதியாகக் கை கழுவினாள். நர்ஸ் ஜாக்குலின் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், பரிட்சைக்கு நடிக்கிற அம்மா இப்பதான் வந்துகீறாங்க. பஸ்ஸு லேட்டாம்."