அட்டைக் கோட்டை

“சூப் ஆறிப் போயிருக்கு” என்றார் அவர், ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி.

தலையில் பிளாஸ்டிக் கிரீடம் வைத்திருந்த சர்வர் அம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். பொழுதுபோக்குப் பூங்காவின் நடுவில் இருக்கும் இந்தக் கோட்டை ஓட்டலில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. நாற்பத்தாறு வயதில், வீங்கின காலோடு இளவரசி வேஷம். அவள் மேஜைகளின் பேரில் இந்த மாதம் புகார் புத்தகத்தில் இரண்டு புகார் ஏறிவிட்டது. மூன்றாவது ஏறினால் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

“சூடு பண்ணிக் கொண்டு வரேன் சார்.”

“வேண்டாம் வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.” பிடுங்கிக்கொண்டு போய்விடுவாளோ என்பது போலக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிரே இருந்த மனைவியிடம், “பார்த்தியா, ஆறித்தான் இருக்கு” என்றார். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

தார் ஏறிக் கறுத்த நகங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு கலையாத சட்டை. ரோடு போடுகிற ஆளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்தால், கூச்சத்தில் தண்ணீர்கூட ரெண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். இவரோ, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே வந்ததிலிருந்து துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

“இது கல்லு இல்லை. அட்டை.”

“ஆமா சார்.”

“விளம்பரத்துல அருவி கொட்டுதே, அது எங்கே?”

“மோட்டார் ரிப்பேர் சார். மூணு மாசமாச்சு.”

“கரடி ஒண்ணு மேஜை மேஜையா வந்து கை கொடுக்குமாமே?”

“கரடி வேஷம் போட்டவர் வேலையை விட்டு நின்னுட்டார் சார். வேற ஆள் போடலை.”

“ஆக, கரடியும் கிடையாது.” கோபப்படுவார் என்று பார்த்தால், தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

கோழி வந்தது. “ரப்பர் மாதிரி இழுக்குது” என்றார். சொல்லிவிட்டு ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் மென்று தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, “புகார் புத்தகம் ஒண்ணு இருக்காமே, அதைக் கொண்டாம்மா” என்றார்.

புத்தகத்தை எடுத்து வந்தவள் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“சார், கால்ல விழாத குறையா கேக்கறேன். இன்னொரு புகார் ஏறினா என் வேலை போயிடும்.”

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். “உன் மேல இல்லம்மா, சாப்பாட்டு மேலதான். நாலு வரி எழுதி வெச்சிட்டுப் போனா எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.”

“ரெண்டே நிமிஷம் இருங்க. இனிப்பு ஒண்ணு கொண்டு வரேன், காசு வேண்டாம். அதைச் சாப்பிட்ட பிறகும் எழுதணும்னு தோணிச்சுன்னா எழுதுங்க.”

“என்ன மகாராணி, போர் மூண்டுடுச்சா?” என்று, சமையல்கட்டுக்குள் ஓடி வந்தவளைப் பார்த்துச் சமையல்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இந்தச் சமையல்கட்டில் எல்லாமே உறைந்த பாக்கெட்டுகளாக வந்து, கத்தரிக்கோலால் வெட்டி, மெஷினில் சூடாகிப் போவதுதான். கையால் செய்கிற பண்டம் ஒன்றே ஒன்று: மிச்சமான பிரெட் ஓரங்களில் பாலும் முட்டையும் சேர்த்து, வேலைக்காரர்களுக்காகச் சமையல்காரர் செய்கிற புட்டிங். அவள் பங்கு அடுப்போரம் மூடியிருந்தது. அதை நல்ல தட்டுக்கு மாற்றினாள்.

“ஏய், அது உன் சாப்பாடு! வெளியே கொடுத்தது தெரிஞ்சா என் தலையும் சேர்ந்து உருளும்.”

“வேலையே போகப் போகுது. சாப்பாடு என்ன சாப்பாடு” என்று புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டோடு நடந்தாள்.

அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது. இன்னொரு கரண்டி எடுத்தார். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிழைத்தோம் என்று நினைத்தாள் அவள். “எப்படி சார் இருக்கு?”

“நல்லா இருக்கு.” மனைவி பக்கம் திரும்பி, “நல்லாத்தான் இருக்கு” என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு அந்தத் தார் ஏறிய கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“ஐயோ, என்ன சார்… என்னம்மா ஆச்சு இவருக்கு?”

மனைவி மேஜையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எங்க பொண்ணு மூணு வருஷமா இங்க கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு நாள் லீவு போட்டா கூலி போகுமேன்னு, ‘அங்க எல்லாம் அட்டை, சாப்பாடு வாயில வைக்க முடியாது’ன்னு சொல்லியே இவர் சமாளிச்சார். போன மாசம் காய்ச்சல் வந்து போயிட்டா. சொன்னது பொய்யில்லைன்னு ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா மனசு ஆறும்னுதான் வந்தோம்.”

சர்வர் அம்மா கக்கத்தில் இடுக்கியிருந்த புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து நீட்டினாள்.

“அண்ணா, இந்த இனிப்பு இங்க விக்கிறது இல்லை, எங்க மத்தியானச் சோறு. பாப்பா வந்திருந்தா அது கிடைச்சிருக்காது. நீங்க சூப்புல ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம எழுதுங்க.”