தகரத்தில் ஒரு யானை

சைரன் அலறிய வேகத்தில் ரங்கம்மா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் வயலில் அறுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். பக்கத்து வயல் சிவராஜின் பம்ப்செட் அறை வரை வந்து திரும்பிப் பார்த்தால், சானமாவுக் காட்டோரத்தில் ஒரு மாடுகூட இல்லை.

"ஏம்பா சிவராஜு, மத்தியானம் மூணு மணிக்கு எந்த ஆனைப்பா வரும்? இந்த வாரத்துல இது மூணாவது தரம். ஓடவிட்டே என்னைச் சாவடிச்சிருவ போல!"

சிவராஜ் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

அதை அமைத்துக் கொடுத்தவன் அவன் மச்சினன் குருமூர்த்தி. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. அறைக்கு வெளியே கம்பத்தில் ஒரு கேமரா. அதன் கண்ணில் யானை பட்டால் கம்ப்யூட்டர் படம் பிடித்து வைத்துக்கொண்டு சைரனை அலறவிடும். போன வருஷம் ஒரே விடியற்காலையில் இரண்டு ஏக்கர் ராகியும் போன பிறகு, சிவராஜின் மனைவி பூங்கொடி தம்பியிடம் அழுது வாங்கிய ஏற்பாடு.

கம்ப்யூட்டரை வைக்கக் குருமூர்த்தி கொடுத்தது ஓட்டை ஓட்டையாக ஒரு கறுப்பு டப்பா. சிவராஜுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் பதினாறு வருஷமாகத் தகடு வளைக்கிறவன் அவன். கழித்துப் போட்ட தகடுகளைச் சேர்த்து, மூன்று மாதம் உட்கார்ந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு யானையைச் செய்தான். விரிந்த காது, தந்தம், சுருக்கம் விழுந்த தோல், முதுகில் செம்மண் பூசிய மாதிரி பெயின்ட்.

"பெட்டிக்கு எதுக்கு மாமா அழகு? காத்து போனாப் போதும்" என்றான் குருமூர்த்தி.

"அழகு பாக்காதவனா இருந்தா உங்கக்காவக் கட்டியிருப்பனா மாப்ள?"

அதற்குமேல் பேச முடியுமா? குருமூர்த்தி டப்பாவிலிருந்த சாமான்களையெல்லாம் யானை வயிற்றுக்குள் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். பெங்களூரில் இப்படிக் கைவேலை செய்த கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கென்றே அடுத்த மாதம் ஒரு போட்டி. யானையைப் பார்த்த எல்லோரும் பரிசு உனக்குத்தான் என்றார்கள். சிவராஜ் தரையில் நடக்கவில்லை.

சூடு தும்பிக்கை வழியாக வெளியே போய்விடும் என்று அவன் நினைத்திருந்தான். போகவில்லை. வெயில் ஏறினால் யானையின் முதுகில் தோசை சுடலாம். அந்த மாதிரி நேரத்தில் நீள ஒயரோடு அதை வெளியே தூக்கிவந்து, கம்பத்துக்கு எதிரே தொட்டிச் சுவர்மேல் காற்றாட வைப்பான். சூடு தணிவதற்குள் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும்.

"மூளை கலங்கிப்போச்சு அதுக்கு" என்றாள் அறை வாசலில் நின்ற பூங்கொடி. "நாளான்னிக்கு அறுப்பு. பழைய டப்பாவுலயே மாத்துங்கன்னா கேக்கறீங்களா?"

"எனக்கு மாத்தத் தெரியாதுடி. உன் தம்பிதான் வரணும்."

"அவன் ஞாயித்துக்கெழமைதான் வருவான்."

"அது வரைக்கும் புடுங்கி வை" என்றாள் ரங்கம்மா. "இன்னொரு தரம் இப்டி அலறுச்சுன்னா நானே கல்லால போட்டு ஒடச்சிருவேன்."

சிவராஜுக்கு அவமானமாக இருந்தது. எந்தத் தகட்டையும் வளைக்கிற கைக்கு, வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். யானையின் கண்ணிலிருந்த குட்டி விளக்குகள் அணைந்தன. ராத்திரிக்காவது மாட்டிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தான். ஊர் வாயில் விழப் பயந்து விட்டுவிட்டான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மோட்டார் போடப் போனவன் வரப்பிலேயே நின்றுவிட்டான். பனியில் முதலில் சத்தம்தான் கேட்டது. ராகியைக் கொத்தாகப் பிடுங்கி, மண் போக முழங்காலில் தட்டும் சத்தம். ஐந்து யானைகள், கூட ஒரு குட்டி. அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன.

ஃபாரஸ்ட்காரர்களுக்குப் போன் போட்டான். "கெளம்பிட்டோம், கிட்டப் போயிராதீங்க" என்றார்கள். பூங்கொடி ஓடிவந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு வருஷத்துக் களி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேராலும் ஒரு கல்லைக்கூட எடுத்து எறிய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குருமூர்த்தி ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். மிதிபட்ட வயலைப் பார்த்துவிட்டுப் பம்ப்செட் அறைக்குள் வந்தான்.

"அதைப் பிரிச்சு எறிடா" என்றாள் பூங்கொடி. "பொய் சொல்ற மிஷினு எனக்கு வேணாம்."

"இரு அக்கா, என்ன கோளாறுன்னு பாத்துடறேன்."

யானைக்குக் கரண்ட் கொடுத்து, லேப்டாப்பை மாட்டினான். சைரன் அடித்தபோதெல்லாம் கேமரா பிடித்து வைத்திருந்த படங்களைத் திறந்தான். மூன்றே படம். முதலாவதைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். மூன்றாவதைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சூடுதானே மாப்ள?" என்றான் சிவராஜ். குரல் கெஞ்சியது. "சூட்டுலதானே தப்புத் தப்பா அடிச்சுது?"

குருமூர்த்தி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினான்.

"தப்பா அடிக்கல மாமா. மூணு தரமும் தொட்டி மேல நீங்க வெச்ச ஆனையப் பாத்துத்தான் அலறியிருக்கு."