1410-ஐ அனுப்பலாமா?

"ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து நானூத்திப் பத்து! இதை எவனாவது வெளியில காட்டுவானா?"

ரோமன் மேசையைத் தட்டிய தட்டில் பேனா டப்பா சாய்ந்து உருண்டது.

பள்ளி ஆலோசகர் மிஸஸ் ஹாலோரன் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார். மகள் டெஸா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

அந்தப் பெரிய கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மார்க்கை அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம், உங்கள் இஷ்டம் என்று கல்லூரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதுதான் வம்பு.

"மூணு தடவை எழுதினேன்பா. இருக்கிறதிலேயே இதுதான் நல்ல மார்க்."

"அங்கே சேர்றவன் எல்லாம் ஆயிரத்து ஐநூறுக்கு மேல! டொலீடோவுல இருபது வருஷமா பழைய கார் விக்கிறேன். நசுங்கின பக்கத்தைச் சுவத்தோரமா நிறுத்தணும். அதான் வியாபாரம்."

"என் மார்க் நசுங்கின காரா?"

"அழாதே. அழுதா விலை ஏறாது."

"மிஸ்டர் ரோமன், கொஞ்சம் உட்காருங்க" என்றார் ஹாலோரன். "மார்க்கை மட்டும் தனியாப் பார்க்க மாட்டாங்க. எந்த வீட்டுப் பிள்ளை வாங்கினதுன்னும் பார்ப்பாங்க. போன வருஷம் நம்ம பையன் ஒருத்தன் ஆயிரத்து நானூறை அனுப்பினான், இடம் கிடைச்சுது. அவன் வீட்டுல யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல."

"அப்போ டெஸாவுக்கு?"

"இவ விண்ணப்பத்துல அம்மா பள்ளிப் படிப்பு, அப்பா வணிகவியல் பட்டதாரி. பட்டதாரி பொண்ணுக்கு இது சாதாரண மார்க். நீங்க சொல்றதுதான் சரி. அனுப்ப வேண்டாம்."

ஜெயித்தது ரோமன்தான். ஆனால் ஜெயித்தவர் மாதிரி இல்லை. எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பிழிகிற மாதிரி முறுக்கினார்.

டெஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மார்க் அனுப்பவில்லை' என்ற கட்டத்துக்கு மவுஸை நகர்த்தினாள்.

"இரு! அந்த வரியை மாத்து."

"எந்த வரிப்பா?"

"அப்பா படிப்பு. ஒன்பதாம் வகுப்புன்னு போடு. மார்க்கை அனுப்பு."

ஹாலோரன் முகம் கறுத்தது. டெஸா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"சீ! கார் விக்கிற மாதிரி இங்கேயும் பொய்யாப்பா? ஆபீஸ்ல உங்க தலைக்கு மேலயே பட்டம் தொங்குது! சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன்!"

ரோமன் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய சாமான் சந்தையில வாங்கினதும்மா. பேர் எழுதுற இடம் காலியா இருந்துச்சு. பன்னிரண்டு டாலர் சொன்னான்... பிரேமோட சேர்த்து எட்டுக்கு முடிச்சேன்."