பனிக்கட்டியின் கனம்

யூஹா வழக்கமான அளவுக்கு மேல் வேகம் கூட்டியிருந்த கணினி மறுபடியும் அணைந்தது. அது மறுபடி இயங்கியபோது அவன் மனைவி சிர்ப்பாவின் கோப்பு திறக்கவில்லை.

"நாலு குளிர்காலம் லாப்லாந்து ஏரியில துளை போட்டு பனிக்கட்டியோட கனத்த அளந்த கணக்கு. உருகின பனிக்கட்டிய திரும்ப அளக்க முடியாது யூஹா."

"பயப்படாத. போன வாரமே தனி டிஸ்க்ல நகல் எடுத்துட்டேன்."

பிராசசரின் வேகத்தைக் குறைத்தான். அப்போதும் அணைந்தது. மெமரியின் வேகத்தைக் குறைத்ததும் கணினியைச் சோதிக்கும் நிரல் முழுதாக ஓடி முடிந்தது.

"மெமரிதான் இத்தனை நாளா தப்பு பண்ணிட்டு இருந்திருக்கு. இனி பயமில்ல. காபி போடவா?"

அவள் நகலைத் திறந்தாள். எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. வெகுநேரம் படித்தாள்.

"நகலையும் இந்தக் கணினியிலதான எடுத்த? அதே மெமரி வழியா?"

அவள் திரையில் ஒரு வரியின் மேல் விரல் வைத்தாள்.

"மார்ச்ல கனம் ஒன்பது மீட்டர்னு இருக்கு. ஏரியோட ஆழமே நாலு மீட்டர்தான். இது பொய்னு தெரியுது. மத்ததுல எது பொய்?"