மூன்று மாடி

மகளுக்குக் காய்ச்சல் என்று அரைநாள் விடுப்பு கேட்டு, அலுவலக ஆப்பில் எப்சிபா அனுப்பிய செய்தியை நான் பார்க்கவில்லை. சும்மா சும்மா அனுப்புகிறாள் என்று அவள் பெயரை மட்டும் எப்போதோ மியூட்டில் போட்டிருந்தேன். பதிலுக்கு மாலைவரை காத்திருந்தவளிடம், “மெசேஜே வரலையேம்மா” என்றேன்.

நம்பிவிட்டாள். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினாள். அதன்பின் ஒவ்வொரு செய்தியையும் அனுப்பிவிட்டு மூன்று மாடி ஏறிவந்து, “வந்துச்சா சார்?” என்பாள்.

இன்று புதுப் போனோடு வந்தாள். “பழசுலதான் கோளாறு சார், மன்னிச்சிடுங்க. இப்ப ஒண்ணு அனுப்புறேன், பாருங்க.”

மேசைமேல் கிடந்த என் போனைத் தொடாமலே, “வந்துடுச்சும்மா” என்றேன்.

அவள் முகம் வாடியது.

“சத்தமே கேக்கலையே சார். இதையும் கடையில குடுத்து மாத்திடுறேன்.”