கடைசி அடி

"துஷாந்தை இன்னைக்கே தூக்கிடுவோம்க்கா. அவனால குரூப்புக்கே கெட்ட பேரு!"

விஜயலெட்சுமிகிட்ட கணபதி போன்ல கத்தினான்.

பூதம் வேட்டையாடுற ஆன்லைன் விளையாட்டு அது. கூட்டமா எறங்கி அடிக்கணும். கடைசி அடி யாரு அடிக்கிறாங்களோ, புள்ளி அவங்களுக்கு. இந்த துஷாந்த் என்ன பண்ணுவான்னா, பூதத்தை அடி அடின்னு அடிச்சு அரை உசுராக்கிட்டு, அப்படியே விட்டுட்டு வேற பக்கம் போயிடுவான். வாராவாரம் புள்ளி கொறச்சல்.

குரூப்புக்குத் தலைவி விஜயலெட்சுமி. பதுளை டவுன்ல தையல் கடை வச்சிருக்கா. குரூப் பேரு 'மேக்கணக்கு'. ஹல்துமுல்லைப் பக்கம் இவங்க எல்லாரும் பொறந்து வளந்த தேயிலைத் தோட்டப் பிரிவோட பேரு அது. இப்ப அந்த லயத்து வீடுகள்ல இவங்க ஆளுங்க யாரும் இல்ல. பொழப்புக்காக ஆளுக்கொரு திசையா போயிட்டாங்க. ஆனா சாயங்காலம் விளையாட்டுக்குள்ள வந்துட்டா போதும். பீலியில தண்ணிக்குச் சண்டை போட்ட கதை, காமன் கூத்து பாக்கப் போயி அட்டைக் கடி வாங்குன கதைன்னு ஒரே கும்மாளம்தான். பூதமெல்லாம் சும்மா ஒரு சாக்கு.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். மனசு வச்சா முடியாதது இல்ல" – காலையில எந்திரிச்சதும் பூப்படத்தோட செய்தி போடுவா விஜயலெட்சுமி.

"குடும்பமாம் குடும்பம்! புள்ளி கொறஞ்சா வெளிய தள்ளுற குடும்பம்" – அதுக்குக் கீழேயே எழுதுவான் துஷாந்த்.

நல்ல வார்த்தைன்னு ஒண்ணு அவன் வாயில வந்ததே கெடையாது. ஆனா அவன் சொன்னதும் பொய்யில்ல. புள்ளி தொடர்ந்து கொறஞ்சா வெளியேன்னு சட்டம் போட்டவளே விஜயலெட்சுமிதான். சட்டம் இருந்தாத்தான் குரூப் முன்னுக்கு வரும்னு அவ நெனப்பு.

கடைசியா ஒரு தடவை அவன்கிட்ட கேட்டுப் பாத்தா.

"தம்பி, ஏன்டா இப்படி அரைகொறையா விட்டுட்டுப் போற?"

"கை வலிக்குதுக்கா."

"ஹாலிஎலயில மேனுஷா கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டே புள்ளி எடுக்குறா. தடிமாடு மாதிரி இருக்க, ஒனக்குக் கை வலியா?"

"தூக்குறதுன்னா தூக்குங்க. இந்தப் பாசமெல்லாம் எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்குறேன்."

வந்துச்சே கோவம் விஜயலெட்சுமிக்கு! அந்த நிமிசமே தூக்கிட்டா.

அதுக்கப்புறம்தான் வினையே. மேனுஷாவோட புள்ளி மளமளன்னு சரிஞ்சுது. அடுத்த வாரம் அதவிட மோசம்.

"சட்டப்படி பாத்தா இவளும் வெளியதானே அக்கா?" கணபதி கேட்டான்.

விஜயலெட்சுமி மேனுஷாவைக் கூப்பிட்டுப் பேசினா. அந்தப் புள்ளை அழுதே போச்சு.

"அவரு கத்தாருல இருக்காரு. நாள் பூரா பேச்சுத் தொணைக்கு ஒரு ஆள் இல்ல. நீங்கள்லாம் பழங்கதை பேசறதைக் கேட்டாத்தான் எனக்குச் சோறே எறங்குது. என்னைத் தூக்கிடாதீங்கக்கா! நான் எப்பவும் போலத்தான் அடிக்கிறேன். முன்னல்லாம் ஒரு அடி அடிச்சாலே பூதம் செத்துரும். இப்ப சாகவே மாட்டேங்குது!"

விஜயலெட்சுமிக்குச் சுருக்குன்னுச்சு. ஒடனே துஷாந்துக்குப் போனைப் போட்டா.

"டேய், நீதான் மேனுஷாவுக்கு விட்டுக் குடுத்தியா?"

"இல்லாட்டி அந்தப் புள்ளையை அப்பவே தூக்கியிருப்பீங்களே!"

மனசு எளகிப் போச்சுதான். ஆனாலும் தலைவியாச்சே, வீம்பு விடுமா?

"அது தப்பு தம்பி. அவங்கவங்க ஒழைப்புதான் அவங்கவங்களுக்கு. எம் மக வயித்துல இருந்தப்ப நான் மலையேறிக் கொழுந்து எடுக்கலையா? எடுத்த கொழுந்து நெறை கொறஞ்சா அரைநாள் சம்பளம்தான்னு கணக்கப்புள்ளை அரைப்பேர் போட்டுருவாரு. நான் ஒரு நாளாவது அரைப்பேர் வாங்கியிருப்பேனா? எந்நாளும் முழுப்பேர்! எல்லாம் எங்கையால!"

அந்தப் பக்கம் துஷாந்த் மெதுவா கேட்டான்.

"ஒங்களுக்குப் பக்கத்து நெரையில எங்கம்மாதானேக்கா கொழுந்து எடுத்துச்சு?"

"கருப்பம்மாக்காவை மறப்பேனா? மகராசி, போயிச் சேந்துட்டா. அந்த மலையிலேயே அதோட கை வேகம் யாருக்கும் வராது. ஆனா பாவம், அந்த வருசம் மட்டும் என்ன சீக்கோ, அடிக்கடி அரைப்பேருதான் வாங்குச்சு."

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நீங்க மூச்சு வாங்குதுன்னு கூடையை எறக்கி வச்சிட்டுத் தள்ளிப்போயி உக்காருவீங்கல்ல... அப்ப எங்கம்மா எடுத்த கொழுந்து எந்தக் கூடைக்குப் போச்சுன்னு நெனைக்கிறீங்க?"