வாசலில் திரும்பிய சம்பந்தம்

வந்த சம்பந்தத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் மருதப்பன்.

அதுவும் யார் கொண்டுவந்த சம்பந்தம்? மனைவி முப்பிடாதியின் ஒரே தம்பி தங்கசாமி, பனவடலிசத்திரத்திலிருந்து வில்வண்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்து இறக்கியது. பொண்ணும் வண்டியில்தான் இருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் கதம்ப மாலை, முகத்தில் பவுடர். நாலு காலையும் நீட்டி ஒரு கொட்டாவி விட்டாள்.

பெயர் செல்லி. பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. அசல் ராஜபாளையம்.

மருதப்பன் வீட்டு வீரனோடு செல்லியை இணை சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை அலங்காரம்.

"ரெண்டும் ஒரே தாய் வயித்துக் குட்டி மாப்ளே. சரிப்படாது. வண்டியத் திருப்பு" என்றார் மருதப்பன்.

"அதுக்குத்தான அத்தான் கொண்டாந்திருக்கேன். ரத்தம் வெளிய போகாம அசலா நிக்கும்லா?"

மருதப்பன் வீரனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார். தெருவே பார்த்தது. தறிச் சத்தம்கூடக் கொஞ்ச நேரம் நின்று கேட்டது. இனி இந்த வாசலை மிதித்தால் என் பேர் தங்கசாமி இல்லை என்று சொல்லிவிட்டு, பொண்ணோடு வண்டியேறிவிட்டான் தங்கசாமி.

ஊர் விடுமா? டீக்கடையில் ஒருத்தர் மூக்கால் பேசினார்: "நாய் வளத்தா மனுசனும் குரைக்கணும்னு சட்டமா வே?" தறிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்: "மச்சினன் வீட்டு நாய்ன்னா அம்புட்டு எளக்காரம்." பஸ் ஸ்டாண்ட் பழக்காரி ராகம் போட்டாள்: "கூடப் பொறந்தவன் கொண்டாந்த தட்ட வாங்காத வீடும் ஒரு வீடா, ஏட்டி."

அதெல்லாம் மருதப்பன் காதில் ஏறவில்லை. வீட்டுக் குழம்பில் உப்பு காணாமல் போனதுதான் ஏறியது. கேட்டதற்கு, உமக்கு நாய் ஒன்று போதுமே, உப்பு எதற்கு என்றாள் முப்பிடாதி. ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தம்பி வரவில்லையென்றால் தானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பனவடலி போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றாள். அவள் சொன்னால் செய்வாள்.

மறுநாளே மருதப்பன் பஸ் ஏறினார். முறைத்துக்கொண்டு நின்ற மைத்துனனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வீட்டுக்கு இல்லை, ஊருக்கு வெளியே பிச்சையாவின் ஆட்டுக் கிடைக்கு.

அங்கே செல்லியைப் போலவே ஒரு வெள்ளை நாய் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தது. மருதப்பன் பிச்சையாவின் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தார். நாயின் வாலுக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கி அடித்தார்.

ஆடுகள் சிதறி ஓடின. தங்கசாமி காதைப் பொத்திக்கொண்டான். நாய் இன்னொரு காலை நக்க ஆரம்பித்தது.

"காது கேக்காதா?"

"பொறந்ததுலருந்தே. கூடப் பொறந்ததுல ஒண்ணுக்குத் தாடை கோணல், பால் குடிக்க முடியாமச் செத்துப்போச்சு. அண்ணனையும் தங்கச்சியையும் சேத்து வச்சாரு பிச்சையா, அசலா நிக்கும்னு." மருதப்பன் தாம்பாளத்தை வைத்தார். "இதக் காவலுக்குப் போட்டா நரிக்குத் தெனமும் கல்யாணச் சாப்பாடு. நெருங்குன ரத்தம் சேரக்கூடாது மாப்ளே. பெத்தது தப்பிச்சுக்கும். குட்டிக என்ன பாவம் செஞ்சுது?"

குருவிகுளத்தில் வேறு வம்சத்து நாய் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அதன் தாய் தகப்பனையும் நேரில் போய்ப் பார்த்தாயிற்று, அங்கேயும் தாம்பாளம் தட்டியாயிற்று. செல்லிக்கு இன்னும் உடம்பு முதிரவில்லை. அடுத்த பருவத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றார்.

தங்கசாமி அந்த வெள்ளை நாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். சபதத்தை மறந்து வீட்டு வாசலை மிதித்தான்.

முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட ஓடினாள். அடுப்படியில் வீரனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மகள் வள்ளித்தாய், மாமாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மருதப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த நிறைவிலேயே வாய் திறந்தார்.

"நாயக் குடுக்கலன்னு ஊரு பூராப் பேசுதானுவ. அவனுவ வாய அடைக்கணும். தபசு முடியட்டும், ஆவணியில நம்ம வள்ளித்தாய ஒனக்கே கெட்டி வச்சிருதேன். தாய்மாமன் நீ இருக்க, வெளிய எதுக்குப் போகணும்? சொந்தமும் விட்டுப் போகாது."

முப்பிடாதியின் முகம் ட்யூப்லைட் மாதிரி பளிச்சென்று எரிந்தது. உள்ளே கஞ்சி ஆற்றிய அகப்பை அப்படியே நின்றது.

வள்ளித்தாய் பிறந்த அன்றே பேசி வைத்த சம்பந்தம் அது. நேற்றுவரை தங்கசாமிக்கும் அந்த ஆசைதான். நேற்று இதைச் சொல்லியிருந்தால், செல்லிக்குக் கட்டியதைவிடப் பெரிய வண்டி கட்டி வந்திருப்பான்.

அவன் காப்பி டம்ளரை மெல்லக் கீழே வைத்தான்.

"நாய்க்குட்டிக்கு மட்டும் காது கேட்டாப் போதுமா, அத்தான்?"